வாய்தா எழுதும் கை

பிச்சம்மாளுக்குப் பசி இல்லை. ஆனால் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் அம்மாள் பயந்துபோனாள் என்று, எதிர்ச்சாரியில் வழக்கறிஞர் சங்கத்து அறையின் சன்னலோரம் நிற்பவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஆகையால் அமர்வு நீதிமன்றத்து வராந்தாவின் கல் பெஞ்சில், கறுப்பு அங்கியைக் கழற்றாமலே அமர்ந்து, தயிர்சாதத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி நிதானமாக உண்டுகொண்டிருந்தாள். ஊறுகாயைக்கூட அவள் விடவில்லை. இரண்டரை மணிக்கு நீதிபதி மீண்டும் வந்து அமர்வார். காலையில் பாதியில் நின்ற சாட்சி ஆவுடையப்பன் மறுபடி கூண்டில் ஏறுவார். அவரை அவள் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும். கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய வரிசையில் கேட்டால், வராந்தாவின் அந்தக் கோடியில் காவலருக்குப் பக்கத்தில் பொட்டலச் சோற்றைப் பிரித்துக்கொண்டிருக்கும் மாடக்கண்ணு, இருபத்தாறு வயதுக்காரன், வீட்டுக்குப் போவான். வரிசை ஓரிடத்தில் தவறினாலும் ஆயுள் முழுவதும் உள்ளே கிடப்பான். இவ்வளவுதான் விஷயம். இவ்வளவுதான் என்று எத்தனை தரம் சொல்லிக்கொண்டபோதிலும் கேள்விகளின் வரிசை மனத்துக்குள் மாறி மாறி ஓடிற்று. ஆடிக் காற்று வளாகத்து வேப்பமரத்தை உலுக்கி, பழுத்த இலைகளை வராந்தாவுக்குள் வாரி எறிந்தது. ஓர் இலை டப்பாவுக்குள் விழுந்தது. அவள் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தாள்.

கொலையுண்டவர் வேறு யாரோ அல்ல, வழக்கறிஞர் சிவசைலம். ஐம்பது ஆண்டுகள் இந்த வளாகத்தில் நடந்தவர். பிச்சம்மாள் தொழில் பழகியது அவரிடத்தில்தான். போன ஆண்டு ஐப்பசியில் ஒரு மாலை, தம் வீட்டு முன்கட்டில் இருந்த அலுவலக அறையில், மேஜை மீது கிடந்த பித்தளைப் பேப்பர் வெயிட்டால் மண்டையில் அடிபட்டு இறந்து கிடந்தார். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் மாடக்கண்ணு, கல்குவாரியில் வேலை பார்க்கிறவன், அவரிடம் வழக்குக் கொடுத்திருந்த கட்சிக்காரன், தன் வழக்குக் கட்டைத் திருப்பித் தரச் சொல்லி இதே வேப்பமரத்தடியில் அவரை வழிமறித்து, “கட்டக் குடுத்திரும், இல்லேன்னா கட்டையில போவீரு” என்று கத்தியிருந்தான். நாற்பது வக்கீல்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பது வக்கீல்கள் கேட்க ஒருவன் மிரட்டியபின், அவன் கொன்றானா என்று ஆராய்வதற்கு இந்த ஊரில் யாருக்குத்தான் பொறுமை இருக்கும். சங்கம் கூடிற்று, நம் உறுப்பினரைக் கொன்றவனுக்கு நம்மில் எவரும் வக்காலத்துப் போடுவதில்லை என்று தீர்மானம் போட்டது. கை தூக்கியவர்களில் பிச்சம்மாளும் ஒருத்தி. அதை அவள் தனக்குத்தானே மறைத்ததில்லை. கையைத் தூக்கினாள்; வலது கை; தோள்பட்டை வரை கோபம் ஏறியிருந்தது. அதே கோபத்தோடு, என் ஆசானைக் கொன்றவன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் அவனை ரிமாண்டுக்குக் கொண்டுவந்த அன்று போய் நின்றாள். அவன் அவளுடைய அங்கியைப் பார்த்துவிட்டு, “அக்கா, என் கட்டு இப்ப யாருகிட்ட இருக்கு?” என்று கேட்டான். கொன்றவன் அப்படிக் கேட்பானா. கேட்கலாம்; நடிக்கலாம்; இருபத்தெட்டு ஆண்டுகளில் எத்தனை நடிப்பு. ஆனால் அந்தக் கேள்வி அன்று இரவு முழுக்க அவள் காதில் கிடந்தது. கட்டுக்காகக் கொன்றவன் கட்டை எடுத்துக்கொண்டு போயிருக்க மாட்டானா. மறுநாள் காலையில் வக்காலத்துத் தாளில் அவனிடம் கைநாட்டு வாங்கினாள். மாலையில் சங்க அறையில் அவளுடைய நாற்காலி இல்லை.

நாற்காலி. அதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிவசைலத்தின் அறையில் முதல் மூன்று ஆண்டுகள் அவளுக்கு நாற்காலியே கிடையாது. கட்டுகளைச் சுமந்துகொண்டு சுவரோரம் நின்றாள். நீதிமன்றத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடும் டவாலியின் மகள்தானே, நிற்கப் பழகியிருப்பாள் என்று அவர் நினைத்திருக்கலாம். அப்பா வீட்டிலும் கூப்பிட்டுப் பழகுவார். ஒரு பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றாம் முறை குரல் இறங்கக் கூடாது, மூன்றாவது தடவைதான் ஆள் ஓடி வருவான் என்பார். முன்னே பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்காமல் போனதால் சாமியிடம் பிச்சை கேட்டு வாங்கிய பிள்ளை என்று இவளுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். “பிச்சம்மாள் பி.ஏ., பி.எல். என்று பலகையில் எழுதினால் கட்சிக்காரன் திண்ணையில்கூட ஏற மாட்டான். வேறு பெயர் வைத்துக்கொள்” என்று சிவசைலம் சொன்னார். அவள் மாற்றவில்லை. எழுத்துக் கூடினால் பலகை எழுதக் கூலி அதிகம் என்று வேண்டுமானால் இந்தப் பெயரை விடுகிறேன், வெட்கப்பட்டு விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்ல அப்போது தைரியம் வரவில்லை. இப்போது வரும். இப்போது கேட்பதற்கு அவர் இல்லை. நல்லவரா என்று கேட்டால் அவளால் உடனே பதில் சொல்ல முடியாது. கட்சிக்காரன் கேட்டால் கட்டைத் திருப்பிக் கொடுக்க மாட்டார். தம்மை விட்டு ஒருவன் போவதை அவரால் தாங்க முடியாது. ஆனால் வக்காலத்து வாங்குமுன் செத்தவன் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த ஒன்றுக்காக அவள் மூன்று ஆண்டு நின்றதை மன்னித்திருந்தாள்.

“என்ன மேடம், சாப்பாடு வெளியிலயா? காத்து நல்லா வருதோ?” என்று கேட்டுக்கொண்டே சங்கத்துச் செயலாளர் ஜெபராஜ் படியேறி வந்தான். கையில் டீ டம்ளர். “வருது. உள்ளதான் ரொம்ப நாளா காத்து இல்ல” என்றாள். அவன் சிரித்தான், சிரிக்கத் தெரிந்த பிள்ளை. தூணில் சாய்ந்துகொண்டு, “நான் சண்டைக்கு வரல. ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு வயசு அறுபத்தெட்டு. சர்க்கரை, பிரஷர் எல்லாம் இருக்கு. கூண்டுல மயங்கி விழுந்தா அந்தப் பழி உங்களுக்கு. குறுக்கு விசாரணை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காந்திருங்க. நாளைக்கே உங்க நாற்காலி உள்ள வந்திரும்” என்றான். “நாற்காலிக்கு எத்தனை கால், ஜெபராஜ்?” “நாலு.” “என் கட்சிக்காரனுக்கு ரெண்டு. அத வெளிய கொண்டுவரவே எனக்கு நேரம் சரியா இருக்கு. அந்த நாலையும் நீங்களே வச்சுக்கிடுங்க.” அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிற்று. “உங்க சீனியர் இருந்தா இதப் பாத்துக்கிட்டு இருப்பாரா?” “இருந்தா இந்த மாதிரி கேஸ அவர்லா நடத்துவாரு. சங்கத்துத் தீர்மானத்த மடிச்சு வெத்தலப் பெட்டியில வச்சிருப்பாரு.” “அண்ணாச்சி உங்களுக்குச் சோறு போட்ட மனுஷன், மேடம். அத மறந்திராதீங்க” என்று சொல்லிவிட்டு அவன் இறங்கிப் போனான். டீயில் பாதி டம்ளரிலேயே இருந்தது.

மறந்தால்தானே. ஆவுடையப்பன் சிவசைலத்தின் குமாஸ்தா, நாற்பத்திரண்டு வருஷம். சிவசைலம் வீட்டின் பின்கட்டிலேயே குடியிருப்பு. நின்றுகொண்டே இருந்த அந்த மூன்று ஆண்டுகளில், மதியம் தம் தூக்குவாளி மூடியில் பாதிச் சோற்றை வைத்து அவள் பக்கம் தள்ளியவர் அவர்தான். சட்டப் புத்தகத்தில் இல்லாததையெல்லாம் அவர்தான் காட்டிக் கொடுத்தார். கட்டு என்றால் முடிச்சு எப்படிப் போட வேண்டும். காற்றுக்கு அவிழக் கூடாது, வக்கீல் ஒற்றை விரலால் இழுத்தால் அவிழ வேண்டும். அன்றைய விசாரணைக்கு முதலில் வேண்டிய தாள் எதுவோ அது மற்ற எல்லாத் தாளுக்கும் மேலே இருக்க வேண்டும், வலது மூலை சிறிதாக மடித்திருக்க வேண்டும். நீதிபதிக்கு முன்னால் வக்கீல் தாளைத் தேடி நின்றால் அது குமாஸ்தாவுக்கு அவமானம். எல்லாவற்றுக்கும் மேலாக வாய்தா. வழக்கு எந்தத் தேதிக்குத் தள்ளிப்போனது என்பதை நீதிமன்றத்தில் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வார். மாலையில் அலுவலகத்துக்கு வந்ததும், சட்டையைக் கழற்றுமுன், தண்ணீர் குடிக்குமுன், மேஜை மேல் கிடக்கும் பெரிய டைரியில் அந்தத் தேதிகளைப் பெயர்த்து எழுதுவார். டைரி அந்த மேஜையை விட்டு நகரக் கூடாது என்பது சிவசைலத்தின் கட்டளை. எழுதி முடித்ததும் துண்டுச் சீட்டைக் கிழித்துக் கூடையில் போடுவார். மகள் பிரசவத்தில் கிடந்த அன்றும் எழுதிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு வாய்தா விட்டுப்போனால் ஒரு குடும்பம் விட்டுப்போகும், தாயி என்பார். அந்த உருண்டைக் கையெழுத்து. முட்டைகளை அடுக்கி வைத்தாற்போல் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, ஒன்றோடொன்று இடிக்காமல்.

அந்தக் கையெழுத்துதான் இப்போது அவள் கட்டின் நடுவில், டாக்டர் சான்றிதழுக்கும் இடத்தின் வரைபடத்துக்கும் இடையில், ஒரு நகல் தாளாகப் பதுங்கிக் கிடக்கிறது. அன்று மாலை ஏழரை மணிக்குத்தான் அலுவலகத்துக்கு வந்தேன் என்று ஆவுடையப்பன் காலையில் சொன்னார். நீதிமன்றத்திலிருந்து நேராக மகள் வீட்டுக்குப் போனேன். ஏழரைக்கு வந்தபோது சந்திலிருந்து மாடக்கண்ணு ஓடுவதைப் பார்த்தேன். உள்ளே போனேன், அய்யா கிடந்தார், எதையும் தொடவில்லை, அலறிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். எட்டரை மணிக்குப் போலீஸ் அறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. டைரியையும் அப்போதே கைப்பற்றி மகஜர் எழுதிவிட்டது. கொலை நடந்த நாளின் பக்கத்தில் சிவசைலமே தம் கையால் ‘மாடக்கண்ணு, முந்தாநாள் கட்டு கேட்டுத் தகராறு’ என்று ஒரு வரி எழுதியிருந்தார். பகைக்கு ஆதாரம் கிடைத்தது என்று அந்த ஒரு வரியைப் படித்தார்கள். கீழே இருந்த நான்கு வரிகளை யாரும் படிக்கவில்லை. படித்தாலும் அவர்களுக்கு அது நான்கு தேதி. வாய்தா எழுதிப் பிழைக்கிற சாதிக்குத்தான் தெரியும். அந்த நான்கு வழக்கும் அன்று மாலை நாலரைக்கு மேல் கூப்பிட்டவை, கடைசி வழக்கைத் தள்ளிவைத்தபோது மணி ஐந்து பத்து என்று நீதிமன்றப் பதிவேட்டில் இருக்கிறது. உயிர் போனது ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அப்படியானால் ஐந்து பத்துக்குப் பிறகு, போலீஸ் வருமுன், ஆவுடையப்பன் அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து நான்கு வரி எழுதியிருக்கிறார். பிணம் கிடக்கும்போது யாரும் வாய்தா எழுத மாட்டார்கள். அய்யா உயிரோடு இருக்கும்போது எழுதினார். அறையில் இருந்தார். பிறகு என்ன நடந்ததோ, யார் வந்தார்களோ, அந்த வீட்டுக்குள்ளிருந்தே யாரும் வந்தார்களோ. அவர் எவரையோ மறைக்கிறார். பொய்யை எல்லாம் யோசித்துக் கட்டிய மனுஷன், கையின் பழக்கத்தை யோசிக்கவில்லை. கை அதுபாட்டுக்கு எழுதிவிட்டது.

எவரை மறைக்கிறார் என்பது என் வேலை அல்ல என்று பிச்சம்மாள் டப்பாவின் அடியை வழித்தாள். யார் கொன்றது என்று கண்டுபிடிக்கப் போலீஸ் இருக்கிறது, சம்பளம் வாங்குகிறது. ஏழரைக்கு வந்தது பொய் என்றால் மாடக்கண்ணு ஓடியதைப் பார்த்ததும் பொய், அது போதும். ஆனால் தப்பும் வழி ஒன்று அவருக்கு இருந்தது. ‘அன்றைக்கு மட்டும் டைரியை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்திருந்தேன், அங்கேயே எழுதிவிட்டேன், பையன் ஒருத்தனிடம் கொடுத்தனுப்பினேன்’ என்று அவர் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. அந்தக் கதவை முதலில் சாத்த வேண்டும். டைரி மேஜையை விட்டு நகராது என்று அவர் வாயாலேயே, பெருமையாக, காரணம் தெரியாமல் சொல்ல வைக்க வேண்டும். அதன்பிறகுதான் தாளைக் காட்ட வேண்டும். ஆனால் அவர் யார். ஆயிரம் குறுக்கு விசாரணையைப் பின்பெஞ்சிலிருந்து கேட்டவர். டைரி என்ற சொல் அவள் வாயில் வந்ததுமே எட்டு வீடு தாண்டி நிற்பார். கேட்கலாமா, விடலாமா. பாலையா என்ற கட்சிக்காரனின் வழக்கில் அப்படிக் கேட்டுத்தான் கெட்டாள். சரக், சரக். இருபது வருஷம் ஆகியும் அந்தச் சத்தம் மதிய நேரங்களில் வந்துவிடுகிறது. சாட்சி ஓர் ஆட்டுக்காரக் கிழவி. எல்லாக் கேள்விக்கும் தடுமாறிப்போயிருந்தாள். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கும்மிருட்டில் என் கட்சிக்காரன்தான் என்று எப்படி அடையாளம் கண்டாய் என்று, வெற்றி தலைக்கேறி, ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டாள். “இடது செருப்ப இழுத்து இழுத்து நடப்பான், தாயி. பத்து வருசமா எங்க வாசல்ல கேட்ட சத்தம். சரக், சரக்குன்னு” என்றாள் கிழவி. நீதிபதி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். பாலையா கொன்றானோ இல்லையோ அவளுக்கு இன்றும் தெரியாது. ஆயுள் கிடைத்தது, நாலாம் வருஷம் உள்ளேயே செத்தான், அவன் செருப்பைச் சிறையிலிருந்து மனைவியிடம் கொடுத்தார்களாம், இடது செருப்பு ஒரு பக்கம் தேய்ந்து. அந்தச் செருப்பை அவள் பார்த்ததில்லை. பார்க்காததுதான் இத்தனை வருஷம் கண்ணில் நிற்கிறது. அதனால் என்ன. அதற்காகக் கேள்வியே கேட்காமல் உட்கார்ந்துவிட்டால் பாலையா எழுந்து வரப்போகிறானா. கேட்பேன். அண்ணாச்சி சோறு போட்டார், கேட்பேன். அந்தச் சோற்றில் வளர்ந்த புத்தியால்தான் கேட்பேன்.

டப்பாவைக் கழுவ அவள் குழாயடிக்குப் போனாள். தண்ணீர்ப் போத்தலைக் கட்டின்மேல் கனத்துக்கு வைத்துவிட்டுத்தான் போனாள். ஆனால் அவள் போடும் முடிச்சு என்றைக்கும் தளர்ந்த முடிச்சு, நாடாவும் நைந்துபோயிருந்தது. காற்று ஒரு சுழற்று சுழற்றியது. போத்தல் உருண்ட சத்தம் கேட்டுத் திரும்பினால், வராந்தா முழுக்கத் தாள்கள். ஈரக் கையோடு ஓடி வந்தாள். அவளுக்கு முன்னால் ஒருவர் முழங்காலிட்டு, தாள்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பிடித்துச் சேர்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, பையில் கண்ணாடிக் கூடு. ஆவுடையப்பன். “ஈரக் கையோட தொடாத. போய்த் தொடச்சிட்டு வா” என்றார், நிமிர்ந்து பார்க்காமலே. இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம். அவள் கை தானாக முந்தானைக்குப் போயிற்று. பிறகுதான் உறைத்தது. “அண்ணாச்சி, நீங்க பாதிச் சாட்சியில இருக்கீக. என்கிட்டப் பேசக் கூடாது.” “நான் கேஸப் பத்தி ஒண்ணும் பேசலியே. இத்தன வருசம் ஆச்சு, உனக்கு ஒரு கட்டு கட்டத் தெரியல. இதென்ன முடிச்சு, ஆட்டுக்குட்டிக்குப் போட்ட மாதிரி.” “ஆட்டுக்குட்டியாவது நிக்கும்” என்று அவள் வாய் தன்னை அறியாமல் சொல்லிவிட்டது, அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. பெஞ்சின் மேல் தாள்களை நிறுத்தி நாலு பக்கமும் தட்டிச் சீர் செய்தார். அந்த நேரம் பார்த்து மாடக்கண்ணு அங்கிருந்து, “அக்கா, இன்னொண்ணு தூணுக்குப் பின்னால கெடக்கு” என்று கூவினான்; காவலர், “நீ சோத்தத் தின்னுல” என்றார். அவள் போய்த் தூணின் பின்னாலிருந்து வரைபடத் தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். வரைபடம். அதற்குப் பக்கத்தில்தானே டைரி நகல் இருந்தது. அவர் வரைபடத்தைக் கை நீட்டி வாங்கி, எங்கேயோ ஒரு நடுவில் செருகி, நாடாவின் நைந்த நுனியைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, இறுக்கி முடிந்தார். “அண்ணாச்சி” என்றாள். “நீயா கேக்கணும், தாயி. கேக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது பாத்துக்க” என்று, முடிச்சைப் பார்த்தே சொன்னார், எதைப் பற்றிச் சொன்னார் என்று அவள் நினைத்து முடிக்குமுன் உள்ளே மணி அடித்தது. அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு மறுபக்க வாசலுக்கு நடந்தார்.

பார்த்துவிட்டாரா. பார்த்திருப்பார். அந்தக் கண்ணுக்குத் தம் கையெழுத்து பத்தடி தூரத்தில் தெரியும். பார்த்துவிட்டார், மகள் வீட்டுக்கு டைரியைக் கொண்டுபோனேன் என்று இப்போது படியேறும்போதே ஒன்றைக் கட்டியிருப்பார். கைப்பற்றிய ஆவணத்தின் நகலை எதிர்த்தரப்புச் சாட்சி கையில் கொடுத்துக் கட்டச் சொன்ன வக்கீல் இந்த மாநிலத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். விசிறிகள் சுழலத் தொடங்கின. எல்லோரும் எழுந்தார்கள், அமர்ந்தார்கள். மாடக்கண்ணு கைதிக் கூண்டில் நின்றான், உதட்டோரம் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. டவாலி வாசலில் நின்று சாட்சியின் பெயரை மூன்று முறை கூப்பிட்டான். மூன்றாவது முறை அவன் குரல் இறங்கிற்று. அப்பா இருந்தால் விட்டிருக்க மாட்டார். எதிர்வரிசையில் ஜெபராஜும் இன்னும் பத்துப் பேரும் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். “குறுக்கு விசாரணை உண்டா?” என்று நீதிபதி கேட்டார். உண்டா இல்லையா என்று ஒன்பது மாதமாக அவளைக் கேட்ட எல்லோர் குரலும் அதில் இருந்தது. “உண்டு, அய்யா” என்று எழுந்தாள். ஒற்றை விரலால் இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்தது.

கட்டின் மேலே முதல் தாளாக டைரிப் பக்கத்தின் நகல் இருந்தது. அதன் வலது மூலை சிறிதாக மடித்திருந்தது. காற்று தாளைப் புரட்டும், மூலையை மடிக்காது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, தட்டச்சுக்காரப் பெண் தலை நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு. எச்சரிக்கையா இது, நான் கண்டுவிட்டேன், பதிலோடு நிற்கிறேன் என்பதா. அல்லது நாற்பத்திரண்டு வருஷமாக இந்தக் கை என்ன சொல்லி வந்ததோ அதைத்தான் இப்போதும் சொல்கிறதா: இன்றைக்கு முதலில் வேண்டியது இதுதான், எடுத்துக்கொள். கூண்டில் நின்றவர் அவளைப் பார்க்கவில்லை, கம்பியையும் பிடிக்கவில்லை. சரக், சரக். எச்சரிக்கையாகவே இருக்கட்டும். நான் மூன்று வருஷம் நின்றவள். இன்னும் பத்து நிமிஷம் நிற்பேன். “வழக்குகளின் அடுத்த தேதியை அலுவலகத்தில் குறித்து வைப்பது யார்?” என்று கேட்டாள். “நான்தான்.” “எதில்?” “டைரியில.” “அந்த டைரி எங்கே இருக்கும்?” கதவின் முன்னால் நின்றாள், அவர் திறந்தால் தீர்ந்தது. “அய்யா மேஜை மேல. அந்த இடத்த விட்டு நகராது” என்று சொன்னவர், அவள் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்: “ஒரு நாளும் கோர்ட்டுக்குக் கொண்டாந்தது கிடையாது. அன்னைக்கும் கொண்டாரல.” தானே சாத்திவிட்டார். தாழ்ப்பாளும் போட்டுவிட்டார். தட்டச்சு ஒலித்தது. அரசு வழக்கறிஞர் பாதி எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி அமர்ந்தார். பிச்சம்மாள் அசல் டைரியைக் காட்டச் சொன்னாள். ஆவுடையப்பன் கண்ணாடிக் கூட்டைத் திறந்து, மாட்டி, தமக்கு நன்றாகத் தெரிந்த பக்கத்தை நிதானமாகப் பார்த்தார். “கீழே உள்ள நான்கு வரி யார் கையெழுத்து?” “என் கையெழுத்து.” “எப்போது எழுதியது?” “அன்னன்னைக்கு வாய்தாவ அன்னன்னைக்குத்தான் எழுதுவேன். நாப்பத்திரெண்டு வருசத்துல மாத்தினது இல்ல.” “அன்று கடைசி வழக்குத் தள்ளிப்போனது ஐந்து மணி பத்து நிமிஷம். எழுதும்போது உங்கள் அய்யா உயிரோடு இருந்தாரா?” “இருந்தாரு. எதுத்தாப்புல உக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டு இருந்தாரு.” “ஏழரைக்குத்தான் வந்தேன் என்று காலையில் சொன்னது?” “அது சரியில்ல.” “மாடக்கண்ணு ஓடியதைப் பார்த்தேன் என்றது?” அவர் முதன்முறையாகக் கைதிக் கூண்டின் பக்கம் திரும்பினார். “நான் பாக்கல” என்றார்.

சங்கத்து வரிசையில் யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம். அவள் முடித்துவிட்டாள், வாங்க வேண்டியதை வாங்கியாயிற்று. ஆனால் ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றவில்லை. நேராக அவளைப் பார்த்தார். “கேளுங்க, வக்கீலம்மா. மத்ததையும் கேட்டிருங்க” என்றார், காலையில் பாடம் ஒப்பித்த குரல் அல்ல அது, தூக்குவாளி மூடியைத் தள்ளும்போது வரும் குரல். அன்று அந்த அறைக்குள் வேறு யார் வந்தது. அந்த ஒரு கேள்வி அவள் நாக்கின் நுனியில் வந்து நின்றது. கிழவர் அதற்காகத்தான் படியேறினார், அதற்காகத்தான் தாளை மேலே வைத்தார், கேட்டால் அவர் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கும், ஊருக்கும் தெரிந்துபோகும். கேட்டால் அவர் வாயில் எந்தப் பெயர் வரும் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாத பதிலைத் தேடி ஒருவன் ஆயுளைப் பணயம் வைத்தவள் ஏற்கெனவே ஒருத்தி உண்டு. அவள் மாடக்கண்ணுவைப் பார்த்தாள். உதட்டோரத்துப் பருக்கை இன்னும் அங்கேதான் இருந்தது. உங்கள் கல்லை நான் இறக்க முடியாது, அண்ணாச்சி. நான் இவனுக்கு வக்காலத்து. “வேறு கேள்வி இல்லை, அய்யா” என்றாள். குரல் இறங்கவில்லை. அமர்ந்தாள். பிறகு நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியைச் சாட்சிக் கூண்டின் பக்கமாகத் திருப்பினார். “ஆவுடையப்பன்” என்று, டவாலி கூப்பிடும் பெயராக இல்லாமல், ஒரு மனிதனின் பெயராகச் சொன்னார், “நான் ஒன்று கேட்கலாமா?” பிச்சம்மாள் தாள்களை நாலு பக்கமும் தட்டிச் சேர்த்து, நாடாவைச் சுற்றி முடிந்தாள். அவள் முடிச்சு வழக்கம்போலத் தளர்ந்தே நின்றது. அவள் அதை அவிழ்த்து மறுபடி போடவில்லை.